காலைக் காட்டப் போனேன், வாயைத் திறக்கச் சொன்னார்

"ஆவெண்டு திறவும் காணும்."

டொக்டர் இப்படிச் சொன்னபோது என் வலது கால் அவருக்கு முன்னால் ஒரு மர ஸ்டூலில் கிடந்தது. சுற்றியிருந்த துணியை என் மனைவி யோகம் அப்போதுதான் அவிழ்த்து முடித்திருந்தாள். பெருவிரலின் நுனி கறுத்து, மீன் கறிக்குள் போடும் கொறுக்காய்ப் புளி மாதிரிச் சுருங்கியிருந்தது. பக்கத்து விரலிலும் ஒரு புண் தொடங்கியிருந்தது.

அதைக் காட்டத்தான் வந்தோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுப்பதா, விடுவதா என்று முடிவு சொல்லும் நாள் அது. டொக்டரோ காலை விட்டுவிட்டு வாயைக் கேட்டார்.

ஆட்களுக்கு முன்னால் வாய் திறப்பது எனக்கு எப்போதுமே கஷ்டம். பேசுவதற்கே திறக்க மாட்டேன். அன்று அந்த அறையில் ஒரு நேர்ஸ் நின்றார். கதவோரத்தில் அடுத்த முறைக்குக் காத்திருந்த சனம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் உதட்டை இறுக்கிக்கொண்டு இருந்தேன்.

யோகம் முழங்கையால் இடித்தாள். "திறங்களன். கால வெட்டப் போறாங்க எண்டு வந்து இரிக்கிறம், இவருக்கு வாயத் திறக்க வெக்கம். பாருங்க ஐயா."

திறந்தேன்.

உள்ளே என்ன இருந்தது என்பதற்கு முன்னால் காலின் கதையைச் சொல்ல வேண்டும். என் தையல் கடையைப் பற்றிப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதை வாசித்த ஒருவர் என்னைச் சந்தியில் கண்டு, "கடைக்கு வாறவங்களுக்குத் தேத்தண்ணி குடுக்கிறீங்க, வெத்திலை மட்டும் வைக்கிறல்ல. ஏன்?" என்று கேட்டார். வழக்கம்போலச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லாத பதில்தான் இந்த வாரம்.

மெஷின் மிதித்த கால்

செங்கலடிச் சந்திக்குக் கொஞ்சம் உள்ளே என் கடை. கடை என்றால் ஒரு மெஷின், ஒரு மேசை, தொங்கவிட்ட அளவு நாடா. அப்போது சண்டைக் காலம். காலையில் திறந்தால் பின்னேரம் வரைக்கும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால் பலகைக் கதவைப் போட்டுவிட்டு உள்ளே குந்தியிருக்க வேண்டும்.

அந்தக் குந்தியிருப்பில்தான் பீடி பழகியது. அதற்கு முன்னாலும் ஒன்றிரண்டு உண்டு. பேச வராத ஆளுக்குப் பீடி நல்ல வசதி. கடைக்குள் யாராவது வந்து உட்கார்ந்தால் பீடிக் கட்டை நீட்டலாம். அவரும் பற்றவைப்பார், நானும் பற்றவைப்பேன். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. என்னைப் பலர் நல்ல மனிதன் என்று சொன்னதில் பாதி அந்தப் பீடிக் கட்டுக்குச் சேர வேண்டியது.

வலி முதலில் வந்தது உள்ளங்காலின் வளைவில். மெஷினை மிதிக்கிற இடம் அதுதான். ஒரு சட்டைக்கு நீளத் தையல் போட்டு முடிப்பதற்குள் யாரோ கயிறு போட்டு முறுக்குவது போல இருக்கும். காலை எடுத்துத் தரையில் வைத்துக் கொஞ்சம் இருந்தால் போய்விடும். மிதித்தால் திரும்பவும் வரும்.

பிறகு நடந்தாலும் வரத் தொடங்கியது. சும்மா ஊராக இருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊரில் அப்போது பஸ்ஸை விட்டு இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு, ஆமிக்காரன் பார்த்திருக்க சென்றி என்கிற காவலரணைக் கடந்து நடக்க வேண்டும். அங்கே ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது. என் கால் அங்கேதான் நிற்கும்.

ஒருநாள் இரண்டு பக்கமும் முட்கம்பி, நடுவில் நான். கால் இழுத்துப் பிடித்துவிட்டது. நின்றேன். முன்னால் போன சனம் போய்விட்டது. ஆமிக்காரன் துவக்கைக் கொஞ்சம் உயர்த்தி, "ஏய்! யண்ட! யண்ட!" என்று கத்தினான். போகச் சொல்கிறான் என்று விளங்கியது. கால் வர வேண்டுமே. செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தேன். அது இன்னும் பிழையாகப் போயிற்று. அவனுக்கு என் கை தெரியவில்லை.

முன்னால் போயிருந்த யோகம் திரும்பி ஓடி வந்து எனக்கு முன்னால் நின்றாள். "கால் ஏலா ஐயா! கால் ஏலா!" என்று தன் காலைத் தூக்கி நொண்டிக் காட்டினாள். அவளுக்குச் சிங்களம் தெரியாது. நொண்டுவதற்கு எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை. அவன் சிரித்துவிட்டுக் கையை அசைத்தான்.

பஸ்ஸில் ஏறிய பிறகு என் பாதத்தை இழுத்து மடியில் வைத்துத் தேய்த்தாள். உடனே கையை எடுத்துவிட்டாள்.

"என்னங்க இது, ஐஸ் பெட்டிக்குள்ள கிடந்த மீன் மாதிரி."

ஆளுக்கொரு காரணம்

காரணம் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஏறாவூரிலிருந்து துணி கொண்டுவந்து தைக்கக் கொடுக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார், காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மெஷினையே குற்றம் சொன்னார். "தம்பி, நீங்க மிதிக்கிற மிதிக்கு இரும்பே தேயும். கால் தேயாதா? கையால சுத்துற மெஷின் ஒண்டு வாங்குங்க."

யோகத்தின் அண்ணன், என் மச்சான், வேறு கட்சி. வயல்காரன். வயல் வட்டைக்குள் காவல் குடில் கட்டி, அறுவடை முடியும்வரை யானைக்கும் பன்றிக்கும் விழித்திருக்கிறவன். "ஆத்துக்குள்ள நிண்ட குளிர் மச்சான் அது," என்றான். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். பெரிய இடப்பெயர்வின்போது, வள்ளம் வரும்வரை ஒரு காலைப்பொழுது முழுவதும் இடுப்பளவு தண்ணீரில், கண்டல் மரங்களுக்கு நடுவே நாங்கள் நின்றோம். சேறு கணுக்காலைப் பிடித்திருந்தது. "அண்டைக்கு ஏறின குளிர் இன்னும் இறங்கல்ல."

"நாம எல்லாரும்தானே நிண்டம்?" என்று யோகம் கேட்டாள். "உனக்கும் ஒண்ணுமில்ல, எனக்கும் ஒண்ணுமில்ல."

"நாம கதைச்சுக் கதைச்சு நிண்டம். இவன் வாயத் திறக்காம நிண்டான். அதான் உள்ளுக்க இறங்கிற்று."

ஆமி சுற்றிவளைப்பில் பிடித்துப் பள்ளிக்கூட மைதானத்தில் சுடுமணலில் இருத்தியதால் வந்தது என்றார் ஒருவர். சீனி வியாதி என்றார்கள் பலர். செய்வினை என்று வேலியோரம் நின்று மெதுவாகச் சொன்னவர்களும் உண்டு. ஒரு தையல்காரனுக்குச் செய்வினை செய்து யாருக்கு என்ன லாபம் என்று நான் யோசித்துப் பார்த்தேன். பொத்தான் மாறித் தைத்தது தவிர ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

யோகம் எதையும் தள்ளவில்லை. மெஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டினாள். குளிருக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். மண்டூர் முருகனுக்கு வெள்ளியில் ஒரு கால் செய்து கொடுப்பதாக நேர்ந்தாள். பெருவிரல் நீலம் பூத்த அன்று என்னை டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தூக்கினால் வெள்ளை, இறக்கினால் சிவப்பு

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைப் படுக்கவைத்து இரண்டு கால்களையும் உயரத் தூக்கிப் பிடித்தார். வலது பாதம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. பிறகு கட்டிலோரம் தொங்கவிடச் சொன்னார். மெல்ல மெல்லச் செம்பரத்தம்பூ நிறத்துக்கு வந்தது. பாதத்தின் மேற்புறத்தில் விரல் வைத்து நாடி தேடினார். இடம் மாற்றி மாற்றித் தேடினார். கிடைக்கவில்லை.

சீனி வியாதி இல்லை என்று இரத்தம் சோதித்துச் சொன்னார்கள். டொக்டர் என் சட்டைப் பையைப் பார்த்தார். பீடிக் கட்டு அங்கேதான் இருந்தது.

இரத்தக் குழாய் அழற்சி என்றார். சின்னச் சின்னக் குழாய்கள் வீங்கி, உள்ளே இரத்தம் கட்டியாகி, கை கால் நுனிகளுக்குப் போகிற வழி அடைபட்டுவிடுமாம். இங்கிலீசில் ஒரு பெயரும் சொன்னார். அது என் வாய்க்குள் நிற்கவில்லை.

யோகம் விடவில்லை. "ஏன் ஐயா இவருக்கு வந்த? என்ட அண்ணன் இவரவிடச் சுருட்டுப் பத்துறவர். அவருக்குக் கால் ரெண்டும் உலக்கை மாதிரி இரிக்கி."

"அது தெரிஞ்சா நான் ஏன் அம்மா இஞ்ச இருக்கிறன்?" என்றார் டொக்டர். "சிலபேர் இரத்தத்தோட வாறது எண்டுகினம். சிலபேர் பல்லு முரசில இருக்கிற கிருமி எண்டுகினம். குளிரும் கூட்டிவிடும். உடம்பு தன்ர குழாயையே எதிரி எண்டு நினைச்சு அடிக்குதாம். சரியா ஒருதருக்கும் தெரியாது. ஆனா ஒண்டு தெரியும். இந்த வருத்தத்தோட வாற ஆள் பத்துற ஆளாத்தான் இருக்கும். பீடியை விட்டா கால் நிக்கும். விடாட்டி நான் வெட்டிக்கொண்டே வரவேணும்."

தன் ஆட்களையே எதிரி என்று நினைத்து அடிப்பது என்பது அந்த நாட்களில் எங்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லாத விஷயமாக இருந்தது.

பீடிக் கட்டை அவருடைய மேசையிலேயே வைத்துவிட்டு எழும்பினேன். அதன் பிறகு இன்றுவரை நான் பீடி தொட்டதில்லை. இதை யாரும் நம்பவில்லை என்பதுதான் அடுத்த கதை.

சட்டை மணம்

பீடியை விட்ட முதல் கிழமை கை நடுங்கியது. ஊசிக்குள் நூல் போகாது. போனாலும் ஊசி விரலுக்குள் போகும். எங்கள் சின்னக் குழந்தையைப் பார்த்துக் கத்தினேன். என் சத்தத்தைக் கேட்டுக் குழந்தையைவிட நான்தான் அதிகம் பயந்தேன்.

யோகம் தன் கொட்டப்பெட்டியைத் திறந்தாள். பனையோலையில் இழைத்த சின்னப் பெட்டி. எங்கள் பெண்களின் இடுப்பில் எப்போதும் இருக்கும். ஒரு வெற்றிலையைத் துடைத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, ஒரு துண்டு பொயிலையும் கிள்ளி வைத்து மடித்தாள்.

"இத வாய்க்குள்ள போட்டுட்டு இருங்க. பீடி மறந்து போகும்."

மறந்துதான் போனது. கை நடுக்கம் நின்றது. காலையில் ஒன்று, சோறு தின்ற பிறகு ஒன்று, மெஷினுக்கு முன்னால் இன்னும் சில. அவள் மடித்து வைத்துவிடுவாள், நான் போட்டுக்கொள்வேன். எங்களுக்குள் அப்படி அன்பான நாட்கள் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

விரல் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. படுத்தால் வலி, காலைத் தொங்கவிட்டால் கொஞ்சம் சுகம். உட்கார்ந்தபடியே விடியும்வரை இருப்பேன். இரண்டாவது தடவை டொக்டரிடம் போனபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"களவாப் பத்துறீர்."

"இல்ல ஐயா."

"பத்தாத ஆளுக்கு இப்பிடி ஏறாது. உம்மட கால், உம்மட விருப்பம்."

இன்னொருவராக இருந்தால் சண்டை பிடித்திருப்பார். நான் குனிந்து நிலத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவனும் அப்படித்தான் பார்ப்பான்.

யோகமும் அதைக் கவனித்துவிட்டாள். அன்றிலிருந்து நான் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றினால் முகர்ந்து பார்ப்பாள். கடைக்கு வருகிறவர்கள் பற்றவைத்த பீடிப் புகை அதில் இருக்கத்தானே செய்யும்?

"புள்ளட தலையில கை வச்சுச் சொல்லுங்க."

வைத்துச் சொன்னேன். குழந்தை சிரித்தது. யோகம் அழுதாள். அழுதுகொண்டே வெற்றிலை மடித்துத் தந்தாள்.

வாய்க்குள் இருந்தது

இனி அந்த மர ஸ்டூலுக்கு வருகிறேன்.

இதற்கு முன்னால் ஏன் டொக்டர் என் வாயைக் கவனிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பெரிய ஆட்களுக்கு முன்னால் வெற்றிலை வாயோடு போவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பைப் உண்டு. போகிற ஒவ்வொரு முறையும் நாங்கள் இரண்டு பேரும் அங்கே நின்று வாயை நன்றாகக் கொப்பளித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போவோம். உள்ளே போனால் நான் வாயும் திறப்பதில்லை.

அன்று டொக்டர் காலை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, தனக்குத்தானே பேசுவது போல, "பல்லு முரசையும் ஒருக்காப் பாத்துவிடுவம். அதில சீழ் கீழ் கிடந்தா வெட்டின பிறகும் கரைச்சல்," என்றார். அதற்குத்தான் ஆவென்று திறக்கச் சொன்னார்.

டோர்ச் அடித்துப் பார்த்தார். கொப்பளித்தால் உதடு வெளுக்கும், பல் வெளுக்காது. ஒரு குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தை ஒதுக்கினார். கடைவாய்ப் பல்லோரம் சிக்கியிருந்த எதையோ கிளறி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தார். கபில நிறத்தில் ஒரு சின்ன நார்.

"இதென்ன?"

நான் வாயை மூடுவதா திறந்தபடி இருப்பதா என்று தெரியாமல் இருந்தேன். யோகம்தான் சொன்னாள். பெருமையாகவே சொன்னாள்.

"பொயிலை ஐயா. வெத்திலையோட நான்தான் மடிச்சுக் குடுக்கிற. பீடிய மறக்கட்டும் எண்டு."

டொக்டர் குச்சியைக் கீழே வைத்தார். நேர்ஸைப் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு காலமா?"

"பீடிய விட்ட நாள் துடக்கம்."

"அம்மா, பீடிக்குள்ள கிடக்கிறதும் இதுக்குள்ள கிடக்கிறதும் ஒரே இலைதான். இவர் வாசலால அனுப்பினதை நீர் பின்கோடிப் பக்கத்தால கூட்டிக்கொண்டு வந்து சோறு போட்டிருக்கிறீர்."

யோகத்தின் முகம் வெள்ளைத் துணி மாதிரி வெளுத்தது. "நீங்க பீடி எண்டுதானே ஐயா சொன்னீங்க," என்றாள்.

"ஓம்," என்றார் டொக்டர். "பீடி எண்டுதான் சொன்னனான். இனி வாற ஆக்களிட்ட வாயையும் கேக்கிறன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர் பொய் சொல்லேல்ல. நான்தான் பிழையா நினைச்சிட்டன்."

கதவோரத்துச் சனத்துக்கு முன்னால் அதைச் சொன்னார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கால் ஸ்டூலில் கிடக்க, "பரவாயில்ல ஐயா," என்றேன். கால் வெட்டுப்படாது என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அதற்கு முன்னாலேயே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிவிட்டது.

"வெட்டுறதைத் தள்ளி வைப்பம்," என்றார். "இந்த நுனி போகும், அதைக் காப்பாத்தேலாது. மிச்சம் நிக்குதோ எண்டு பாப்பம். வெத்திலை வேண்டாம். பொயிலை வேண்டாம். பத்துற ஆளுக்குப் பக்கத்தில இருக்கவும் வேண்டாம்."

அடுப்பில் போட்டது

திரும்பி வரும்போது யோகம் கொட்டப்பெட்டியிலிருந்து பொயிலைச் சுருளை எடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பாலத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. திடீரென்று கையை யன்னலுக்கு வெளியே ஓங்கினாள்.

பாய்ந்து பிடித்தேன். "என்ன வேல பாக்கிற! சென்றி!"

பஸ்ஸிலிருந்து பாலத்தில் ஒரு சுருளை எறிந்தால் ஆமிக்காரன் அது பொயிலை என்றா நினைப்பான்? விரல் நுனியோடு முடிய வேண்டியது அன்றைக்கு பஸ்ஸோடு முடிந்திருக்கும். பின்னால் இருந்தவர், "தங்கச்சி, கோபத்த வீட்ட போய்க் காட்டுங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து அடுப்புக்குள் போட்டாள். மாரி காலம், விறகு ஈரம். பொயிலை எரியவில்லை, புகைந்தது. குசினி நிறைந்து, வீடு நிறைந்து, கண் எரிந்தது. யோகம் இருமிக்கொண்டே ஓடி வந்து என் மூக்கைப் பொத்தினாள்.

"இழுக்காதீங்க! மூச்ச இழுக்காதீங்க!"

என்னைக் கையைப் பிடித்து முற்றத்து மழைக்குள் இழுத்துக்கொண்டு வந்தாள். குழந்தையும் வந்தது. மூன்று பேரும் நனைந்துகொண்டு, வீட்டிலிருந்து புகை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் யார் சிரித்தது என்று ஞாபகமில்லை. நிறுத்த முடியாமல் சிரித்தோம்.

அன்றிலிருந்து யோகமும் பொயிலையை விட்டாள். நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கொட்டப்பெட்டிக்குள் பொத்தான்கள் வந்து சேர்ந்தன.

வட்டாவைத் தொடாமல்

பீடியை விடுவதைவிட இது கடினமாக இருந்தது. பீடி வேண்டாம் என்றால் யாருக்கும் கோபம் வராது. வெற்றிலை அப்படியில்லை. வீட்டுக்கு வந்தவருக்கு முன்னால் பித்தளை வட்டாவில் வெற்றிலை, பாக்கு, பொயிலை வைத்து நீட்டுவார்கள். எடுக்காவிட்டால் அந்த வீட்டோடு ஏதோ மனக்கசப்பு என்று அர்த்தம்.

மச்சானின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு வந்தது. பந்தல் நிறைய ஆட்கள். மச்சான் தானே வட்டாவைத் தூக்கி வந்து எனக்கு முன்னால் நீட்டினான். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"எடு மச்சான்."

தலையை ஆட்டினேன்.

"என்ன கோபம்? ஆக்களுக்கு முன்னால வட்டாவத் தொடாம இரிக்காய்?"

பந்தல் அமைதியாயிற்று. யோகம் பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பப் போனாள். அதற்குள் நானே எழும்பிவிட்டேன். என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்துக்கு முன்னால் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"கோபம் இல்ல மச்சான். இந்த வட்டாவுக்குள்ள என்ட கால் கிடக்கு."

அவன் வட்டாவையும் என் காலையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு பொயிலையை மட்டும் பொறுக்கித் தன் மடியில் செருகிக்கொண்டு, வட்டாவைத் திரும்ப நீட்டினான். "சரி, இப்ப தொடு. தொட்டாக் காணும். மறுகாப் போய்ச் சோத்தத் தின்னு."

தொட்டேன். பந்தல் பழையபடி கதைக்கத் தொடங்கியது. மச்சான் இன்னும் சுருட்டுப் பற்றுகிறான். அவன் கால்கள் இன்னும் உலக்கை மாதிரித்தான் இருக்கின்றன. ஏன் அவனுக்கு வராமல் எனக்கு வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது என்பது எனக்கு ஒருவகை ஆறுதல்.

வெள்ளிக் கால்

விரல் நுனியை எடுத்தார்கள். மற்ற விரலின் புண் காய்ந்து தோல் மூடியது. வலி ஒருநாள் குறைந்தது என்று சொல்ல முடியாது; ஒருநாள் விடியற்காலை எழும்பியபோது, நான் படுத்தே தூங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

நேர்த்தியைத் தீர்க்க மண்டூருக்குப் போனோம். வழியெல்லாம் யோகத்துக்கு ஒரே யோசனை. முழுக் காலுக்கு நேர்ந்தது. நுனி போய்விட்டது. அப்படியானால் வெள்ளிக் காலில் நுனியை விட்டுத்தான் செய்திருக்க வேண்டுமா?

"முழுசாவே குடு," என்றேன். "அவர் தன்ட பங்க முழுசாத்தான் செஞ்சார்."

துறையில் ஆமிக்காரர் சோதித்துவிட்டு ஏற விட்டார்கள். ஓடம் ஆற்றின் நடுவுக்கு வந்தது. காற்று. தண்ணீர் பலகைக்கு மேலே தெறித்தது. வலது காலை நனையாமல் தூக்கி வைத்துக்கொண்டேன். யோகம் வழக்கப்படி புறங்கையைப் பாதத்தில் வைத்துப் பார்த்தாள். அது அவளுடைய பழக்கமாகிவிட்டிருந்தது.

கையை உடனே எடுத்தாள். திரும்பவும் வைத்தாள். முகம் மாறியது.

"சுடுதே. காய்ச்சலா?"

என் நெற்றியைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள். தன் காலையும் தொட்டுப் பார்த்தாள். எதிரே பயறு மூட்டையோடு இருந்த கிழவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. கால் என்றால் அப்படித்தான் இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் அதை மறந்துபோயிருந்தோம்.

"சும்மா இரி புள்ள," என்றேன். "கைய எடுக்காத."

ஓடம் கரை சேரும்வரை அவள் எடுக்கவில்லை.